மஞ்சள் அட்டையும் மஞ்சப்பையும்

எங்கள் ருவாண்டா பயணம் வடபழனி மெட்ரோவில் ஏறி, இரண்டு நிலையம் தள்ளி ஈக்காட்டுத்தாங்கலில் இறங்கியபோது தொடங்கியது. அங்கிருந்து ஆட்டோ பிடித்து கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்துக்குப் போனோம். கையில் பாஸ்போர்ட், முன்பதிவுச் சீட்டு. கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள் விமான டிக்கெட்டைப் பற்றி யோசிக்கும் முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி யோசிக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஊசியை மறந்துவிட்டு, கடைசி வாரத்தில் பயணத்தையே தள்ளிப்போட நேர்ந்தது.

கிங் நிலையம் 1899-இல் பெரியம்மைக்கு அம்மைப்பால் தயாரிக்கத் தொடங்கிய இடம். இன்றும் அங்கே வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் தமிழன் எங்கெல்லாம் பிழைக்கப் போகிறான் என்பது விளங்கும். எங்களுக்கு முன்னால் கப்பல் வேலைக்குப் போகும் பையன்கள் நாலைந்து பேர், நைஜீரியாவுக்குப் போகும் வெல்டர் ஒருவர், கைக்குழந்தையோடு ஒரு பெண். மருந்துக் குப்பியைக் கலக்கித் திறந்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் நாளையும் ஆள் கணக்கையும் முன்கூட்டியே குறித்துத்தான் போடுகிறார்கள். ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டு பத்து நாள் ஆன பிறகுதான் அந்த மஞ்சள் அட்டை செல்லுபடியாகும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். முட்டை ஒத்துக்கொள்ளாதவர்களும் அறுபது வயதைத் தாண்டியவர்களும் முதலில் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அட்டை இல்லாமல் மஞ்சள் காய்ச்சல் நாடு ஒன்றிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். சென்னையிலிருந்து கிகாலிக்கு நேரடி விமானம் கிடையாது. அடிஸ் அபாபா வழியாகவோ நைரோபி வழியாகவோ போனால், அந்த நாடுகளும் அதே பட்டியலில் இருப்பவைதான் என்பதை மறக்கக் கூடாது.

என் அக்கா மகன் கிகாலியில் ஒரு வர்த்தக நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறான். "மாமா, அத்தையைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை வந்துட்டுப் போங்க. ஊட்டிக்குப் போற மாதிரிதான்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஊட்டி என்பது கொஞ்சம் அதிகம். கிகாலி இருப்பது கிட்டத்தட்ட நம் ஏற்காட்டின் உயரத்தில். பூமத்திய ரேகைக்கு இரண்டு டிகிரி தெற்கே இருந்தும் பகலில் வியர்ப்பதில்லை. இரவில் ஸ்வெட்டர் வேண்டும். நாடு மொத்தமே 26,338 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்குள் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். எங்கு பார்த்தாலும் மலைச்சரிவு, சரிவெல்லாம் வாழையும் அவரையும் மரவள்ளியும். ஜூன் முதல் செப்டம்பர் வரையும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரையும் மழை குறைவு. மார்ச்சிலிருந்து மே வரை பெருமழைக் காலம்; மலைப்பாதையில் சேறு முழங்கால் வரை வரும். நாங்கள் ஜூலையில் போனோம்.

விசா விஷயத்தில் இந்தியர்களுக்கு நல்ல காலம். ருவாண்டா ஒருநாளும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்ததில்லை. ஜெர்மனியிடமும் பிறகு பெல்ஜியத்திடமும் இருந்தது. ஆனாலும் 2009-இல் விரும்பிக் கேட்டு காமன்வெல்த்தில் சேர்ந்துகொண்டது. அந்த உறவால் காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்கு முப்பது நாள் விசாவைக் கட்டணம் இல்லாமல் விமான நிலையத்திலேயே குத்தித் தருகிறார்கள். விதி மாறியிருக்கிறதா என்று கிளம்பும் முன் அவர்கள் அரசின் இரெம்போ தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கென்யாவும் உகாண்டாவும் சேர்த்துப் பார்ப்பதானால் மூன்று நாட்டுக்கும் பொதுவான கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா இருக்கிறது. நூறு டாலர், தொண்ணூறு நாள்.

இனி மூட்டை கட்டும் கதை. நம் வீடுகளில் வெளியூர்ப் பயணம் என்றால் முறுக்கு ஒரு கவர், பருப்புப் பொடி ஒரு கவர், ஈரத்துணிக்கு ஒரு கவர், செருப்புக்கு ஒரு கவர். ருவாண்டாவில் இது நடக்காது. 2008-லிருந்தே அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2019-இல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் தடையை விரித்தார்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்துக் கவரை எடுத்துவிடுவார்கள். என் மனைவி அக்கா மகனிடம் விவரம் கேட்டுக்கொண்டு, பொடிகளையும் புளிக்காய்ச்சலையும் எவர்சில்வர் டப்பாக்களில் அடைத்தாள். துணிமணிக்குக் கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு வந்த மஞ்சப்பைகளை எடுத்துக்கொண்டாள். ஒன்பது பைகள் இருந்தன. கிகாலியில் சோதனை செய்த பெண் அதிகாரி ஒரு மஞ்சப்பையை எடுத்து, தையலைத் திருப்பிப் பார்த்து, துணிதானா என்று விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைத்தார். எங்களுக்கு அடுத்து வந்தவரின் பெட்டியிலிருந்து நான்கு கவர்கள் குப்பைத் தொட்டிக்குப் போயின.

நம் ஊரிலும் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை இருக்கிறது. கோயம்பேடு சந்தையில் மஞ்சப்பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். ஆனாலும் வடபழனி கோயில் வாசலில் பூ வாங்கினால் இன்றும் மெல்லிய கவரில் போட்டுத்தான் கையில் வருகிறது. கிகாலியில் இருந்த பன்னிரண்டு நாளில் சாக்கடையில் அடைத்துக் கிடக்கும் ஒரு கவரையும் நான் பார்க்கவில்லை. சட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அங்கே அது நாடு முழுவதும், எல்லாக் கடையிலும், எல்லா நாளும் நடக்கிறது. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

முதல் நாள் காலை வெளியே வந்ததும் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பிடிபட்டது: ஹாரன் சத்தம் இல்லை. மெட்ரோ வேலை நடக்கும் ஆற்காடு சாலையில் தினமும் சாலையைக் கடக்கிறவனுக்கு அது ஒரு திகைப்பு. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. அங்கே வண்டிகள் வலப்பக்கமாகப் போகின்றன. சாலையைக் கடக்கும்போது நம் கழுத்து பழக்கத்தில் வலப்பக்கம்தான் திரும்பும். வண்டியோ இடப்பக்கத்திலிருந்து வரும். முதல் இரண்டு நாள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடந்தேன்.

ஊருக்குள் போக்குவரத்து பெரும்பாலும் மோட்டோ என்கிற பைக் டாக்சிதான். ஒரு வண்டிக்கு ஒரே ஒருவர். ஓட்டுபவர் நமக்கும் ஒரு ஹெல்மெட் நீட்டுவார், போட்டுக்கொண்டால்தான் வண்டி நகரும். பலர் போட்ட ஹெல்மெட் என்பதால் தலையில் கட்டிக்கொள்ள ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏறப் பயப்படுகிறவர்களுக்குக் கார் டாக்சி இருக்கிறது. வெளியூர்ப் பேருந்துகள் ந்யாபுகோகோ நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. கோயம்பேட்டின் பழைய பரபரப்பு அங்கே இருந்தது. டிக்கெட்டில் நேரம் அச்சாகியிருக்கும். நாங்கள் ஏறிய வண்டிகளெல்லாம் அந்த நேரத்துக்கே கிளம்பின. இருக்கைக்கு மேல் ஒருவரையும் ஏற்றவில்லை.

பணத்துக்கு, கசங்காத புதிய டாலர் நோட்டுகள் கொண்டுபோங்கள். பழைய நோட்டுகளை மாற்றும் இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நம் ஜிபே அங்கே உதவாது. அங்கே எல்லாரும் செல்பேசியில் மோமோ என்று பணம் அனுப்புகிறார்கள், தெருவில் வேர்க்கடலை விற்பவர் உட்பட. பாஸ்போர்ட்டைக் காட்டி எம்டிஎன் சிம் வாங்கினால் நாமும் பயன்படுத்தலாம். நம் ஊர் ஏர்டெல்லும் அங்கே இருக்கிறது. இரண்டு முனை சார்ஜர் அங்கே பொருந்தும், மூன்று முனை பிளக் பொருந்தாது. மணி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். மலேரியா உள்ள நாடு. போகும் முன் டாக்டரிடம் மாத்திரை கேளுங்கள், கொசுவலைக்குள் தூங்குங்கள்.

சாப்பாட்டைப் பற்றித்தான் வடபழனியில் எல்லாரும் என்னிடம் கேட்டார்கள். என் மனைவி சைவம். ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை. மதியம் மெலாஞ்ச் என்று ஒரு சாப்பாடு: சோறு, வேகவைத்த வாழைக்காய், அவரை விதைக் குழம்பு, உருளைக்கிழங்கு, கீரை, தட்டில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அதில் இசோம்பே என்பது மரவள்ளி இலை. நாம் கிழங்கைத் தின்று இலையை ஆட்டுக்குக்கூட யோசித்துத்தான் போடுவோம். அவர்கள் அதை உரலில் இடித்து, நச்சு போக வெகுநேரம் கொதிக்கவிட்டு, வேர்க்கடலை மாவு சேர்த்துக் கடைகிறார்கள். நம் முருங்கைக்கீரைக் கடைசல் போலத்தான் நாக்கில் பட்டது. ஆனால் பல இடங்களில் அதில் கறிச்சாறு சேர்ப்பதுண்டு. "ன்டா ஞாமா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். கறி இல்லை என்று பொருள். காரத்துக்கு அகபங்கா என்று ஒரு மிளகாய் எண்ணெய். கண்ணுக்கு மருந்து விடும் குப்பி போலச் சின்னஞ்சிறு குப்பியில் வரும், சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். ஆந்திரா மிளகாய் தின்று வளர்ந்தவன் நான். இரண்டாவது சொட்டோடு நிறுத்திக்கொண்டேன். சப்பாத்தி எங்கும் கிடைக்கிறது. ஒரு காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போன இந்தியர்கள் விட்டு வந்தது. இஞ்சி தட்டிப் போட்ட பால் டீயும் உண்டு. அதைவிட மனைவிக்குப் பிடித்தது இகிவுகுட்டோ என்ற புளித்த பால். பால் மட்டுமே விற்கும் கடைகளில் ஒரு பெரிய குவளை தருவார்கள். கொண்டுபோன பருப்புப் பொடியும் அந்தத் தயிருமாக இரண்டு இரவுச் சாப்பாடு முடிந்தது.

மாட்டின் மேல் அவர்களுக்கு உள்ள பாசம் நமக்குச் சட்டென்று புரிகிற ஒன்று. "கிரிங்கா" என்றால் "உனக்கு மாடு சேரட்டும்" என்கிற வாழ்த்து. அந்தப் பெயரிலேயே 2006-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள்: ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு, அது ஈனும் முதல் கிடாரிக் கன்றை அடுத்த ஏழை வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். 2018 ஜூலையில் நம் பிரதமர் போனபோது இதற்காக இருநூறு பசுக்கள் கொடுத்தார். தென்கிழக்குப் பகுதியில் இமிகோங்கோ என்ற ஓவியம் செய்கிறார்கள். பசுஞ்சாணத்தைப் பலகையில் மேடாக இழைத்துக் கோலம் போலக் கோடுகள் எழுப்பி, காய்ந்ததும் கறுப்பு, வெள்ளை, செம்மண் நிறம் பூசுகிறார்கள். ஒன்றை வாங்கி வந்து எங்கள் பூஜை அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறோம். சாணம் என்று சொன்னால்தான் தெரியும்.

கிளம்புவதற்கு முதல் நாள், எங்கள் அடுக்ககத்தின் கீழ்வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டார். கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து 1983-க்குப் பிறகு வந்தவர். எண்பதை நெருங்குகிறார். "தம்பி, அங்க அந்த நினைவிடத்தைக் கட்டாயம் பாத்திட்டு வாங்கோ. பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கிகாலியில் கிசோசி என்ற மேட்டில் இருக்கிறது அந்த நினைவிடம். 1994 ஏப்ரல் 7-ஆம் தேதி தொடங்கி ஏறக்குறைய நூறு நாளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள், பெரும்பாலும் துட்சி இனத்தவர், அவர்களோடு கொலைக்கு உடன்படாத ஹுட்டு இனத்தவரும், கொல்லப்பட்டார்கள். கிசோசியில் மட்டும் இரண்டரை லட்சம் பேரைப் புதைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. மாடியில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரிய படம். கீழே பெயர், வயது, பிடித்த சாப்பாடு, பிடித்த விளையாட்டு, எப்படி இறந்தது என்று நாலைந்து வரிகள். பால் பிடிக்கும் என்று ஒரு குழந்தைக்கு எழுதியிருந்தது. மனைவி அந்தப் படத்தின் முன்னாலேயே நின்றுவிட்டாள்.

மறுநாள் முப்பது கிலோமீட்டர் தெற்கே ந்யாமாட்டா தேவாலயத்துக்குப் போனோம். 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த நான்கு நினைவிடங்களில் ஒன்று. கோயிலுக்குள் போனால் காப்பாற்றப்படுவோம் என்று நம்பிப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளேயே மாண்டார்கள். அவர்கள் உடுத்தியிருந்த துணிகளைப் பெஞ்சுகளின் மேல் அப்படியே குவித்து வைத்திருக்கிறார்கள். மண் நிறமாகிவிட்ட துணிகள். தகரக் கூரையில் குண்டு துளைத்த ஓட்டைகள் வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழுகிறது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. எடுக்கவும் தோன்றாது.

இந்த இரண்டு இடங்களுக்கும் ஒரே நாளில் போகாதீர்கள். போன நாளில் வேறு எந்தச் சுற்றுலாவும் வைத்துக்கொள்ளாதீர்கள். யாரிடமும் "நீங்கள் ஹுட்டுவா, துட்சியா" என்று கேட்கக் கூடாது. பெல்ஜிய ஆட்சி 1930-களில் அடையாள அட்டையில் இனத்தை எழுத ஆரம்பித்தது. அறுபது ஆண்டு கழித்து, சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் யாரை வெட்டுவது என்று முடிவு செய்தார்கள். இப்போது அட்டையில் அந்த வரி இல்லை. 1983-இல் கொழும்பில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்ததைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒரு காகிதத்தில் எழுதிய ஒரு சொல் என்ன செய்யும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 7 முதல் அங்கே துக்க வாரம். பாட்டு, கொண்டாட்டம் எதுவும் இருக்காது. அந்த நேரத்தில் போகிறவர்கள் அதற்கு ஏற்றபடி நடந்துகொள்ள வேண்டும்.

கொரில்லா பார்க்கவில்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வடக்கே எரிமலைத் தேசியப் பூங்காவில் மலைக் கொரில்லாவோடு ஒரு மணி நேரம் இருக்க, ஆளுக்கு 1,500 டாலர். நம் கணக்கில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். 2017-இல் கட்டணத்தை இரட்டிப்பாக்கினார்கள். பூங்கா வருமானத்தில் பத்து சதவீதம் சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகிறது. ஒரு கூட்டத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பேர்தான், பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. கொரில்லாக்கள் பிழைத்ததில் இந்தக் கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு என்பதால் தொகையைக் குறை சொல்ல மாட்டேன். எங்களால் முடியாது, அதனால் போகவில்லை. அதே காட்டு விளிம்பில் பொன்குரங்குகளைப் பார்க்க நூறு டாலர் அளவில் ஆனது. மூங்கில் குருத்தைக் கடிக்கும் சத்தம் கேட்கும் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தோம். முட்டி வலி உள்ளவர்கள் அங்கே ஒரு சுமைகூலிக்காரரை அமர்த்திக்கொள்ளுங்கள். பை தூக்குவதோடு, வழுக்குகிற இடத்தில் கையும் கொடுப்பார்.

கிவு ஏரிக்குப் போகிறவர்கள் கரோங்கி பக்கம் போகலாம். பொழுது சாயும் நேரத்தில் மும்மூன்றாகக் கட்டிய படகுகளில் மீனவர்கள் பாடிக்கொண்டே சம்பாசா பிடிக்கக் கிளம்புவார்கள். நம் நெத்திலி மாதிரி மீன். ஏரியின் வடக்கு முனையில் கோமா, காங்கோ நாட்டு ஊர். 2025 ஜனவரியில் அது எம்23 கிளர்ச்சிப் படையின் கைக்குப் போனது. அந்த எல்லைப் பக்கம் போவதைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் படைக்குப் பின்னால் ருவாண்டா இருக்கிறது என்று ஐ.நா. நிபுணர்களின் அறிக்கைகளே சொல்கின்றன, ருவாண்டா மறுக்கிறது. 2000-லிருந்து ஒரே அதிபர். எதிர்த்துப் பேசியவர்களுக்கு நேர்ந்தவை குறித்தும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தெருவின் சுத்தத்தைப் பார்த்து மயங்கும் பயணி இதையும் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். ஆனால் டாக்சிக்காரரிடம் அரசியல் கேட்டு அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். நாம் விமானம் ஏறிவிடுவோம், அவர் அங்கேதான் இருப்பார்.

ஊர் திரும்பியதும் கீழ்வீட்டு அம்மாவிடம் பார்த்ததையெல்லாம் சொன்னேன். குழந்தைகள் அறை வரைக்கும் கேட்டவர், "இப்ப அந்தச் சனம் ஒண்டா இருக்குதுகளோ?" என்றார்.

அதற்கு என்னிடம் இருந்த பதில் ஒரு சனிக்கிழமைக் காலை மட்டும்தான். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை அங்கே உமுகாண்டா. கடை, பேருந்து எல்லாம் நின்றுவிடும். ஊர் முழுக்க மண்வெட்டியோடு இறங்கி வாய்க்கால் தூர்வாருவதும் சாலை செப்பனிடுவதும் மரம் நடுவதுமாக வேலை செய்வார்கள். நம் குடிமராமத்து போல. ஆனால் சட்டப்படி பதினெட்டு முதல் அறுபத்தைந்து வயது வரை எல்லாரும் வர வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டாயம் இல்லை. நாங்களும் போனோம். அக்கா மகன் குடியிருக்கும் தெருவில் மழைநீர் வாய்க்காலைத் தோண்டினார்கள். எனக்கு ஒரு மண்வெட்டி கிடைத்தது. என் மனைவி இரண்டு பெண்களோடு சேர்ந்து புல் பிடுங்கினாள். பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த இருவரில் யார் எந்த இனம், 1994-இல் யார் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் வெட்டிய மண்ணை இன்னொருவர் அள்ளிப் போட்டார். வேலை முடிந்ததும் எல்லாரும் புல்தரையில் உட்கார்ந்து தெருவிளக்கு பற்றியும் ஒரு வீட்டின் கூரை பற்றியும் பேசினார்கள். கீழ்வீட்டு அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன்.

போகிறவர்கள் கடைசிச் சனிக்கிழமை நாட்டில் இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். அன்று பகல் பதினொன்று வரை வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பழைய செருப்பு ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். மண்வெட்டி அவர்களே தருவார்கள்.